பஹ்ரைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனாமாவில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாண வீட்டிலும் பேருந்திலும் ஒரே கேள்விதான் வரும்: "துபாய்ல எந்தப் பக்கம்?" வளைகுடா என்றாலே துபாய், துபாய் என்றாலே எண்ணெய்க் காசு என்று நம் ஊரில் பதிந்துபோயிருக்கிறது. எண்ணெய் கிடைப்பதற்கு நாலாயிரம் வருடம் முன்பே பெயர் வாங்கிய தீவு பஹ்ரைன். அங்கே வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோர், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பஹ்ரைன் துபாய்க்குள் இருக்கிறதா?

இல்லை, அது தனி நாடு. துபாய் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்தது. பஹ்ரைன், சவூதி அரேபியாவின் கிழக்குக் கரைக்கும் கத்தாருக்கும் நடுவே வளைகுடாக் கடலில் கிடக்கும் ஒரு தீவுக்கூட்டம். எந்த நாட்டோடும் அதற்கு நில எல்லை கிடையாது. சவூதிக்குப் போக சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம் ஒன்று உண்டு. மன்னர் ஃபஹத் பெயரிலுள்ள அந்தப் பாலம் 1986 நவம்பரில் திறக்கப்பட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் சவூதி நம்பர் போட்ட வண்டிகள் அதில் வரிசை கட்டி நிற்கும்.

எவ்வளவு பெரிய நாடு? எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

பரப்பளவு 780 சதுர கிலோமீட்டர் அளவில் இருக்கும். பெருநகரச் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் என்பதால், இரண்டு சென்னைகூட முழுசாகத் தேறாது. கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டே இருப்பதால் இந்த அளவு வருடத்துக்கு வருடம் கூடுகிறது. பழைய பாடப்புத்தகங்களில் 33 தீவுகள் என்று இருக்கும். செயற்கைத் தீவுகளையும் சேர்த்தால் இன்று அதைவிட மிக அதிகம்.

2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 15 லட்சம். அதில் பஹ்ரைன் குடிமக்கள் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. மற்றவர்கள் வெளிநாட்டவர், அவர்களிலும் இந்தியர்களே அதிகம், 3 லட்சத்துக்கு மேல். தலைநகரம் மனாமா. 1932 வரை பக்கத்துத் தீவான முஹர்ரக்தான் தலைநகராக இருந்தது. இன்றைய விமான நிலையமும் முஹர்ரக்கில்தான் இருக்கிறது.

பெயருக்கு என்ன அர்த்தம்?

"பஹ்ர்" என்றால் அரபியில் கடல். "பஹ்ரைன்" என்றால் இரண்டு கடல். எந்த இரண்டு என்பதற்குப் பல விளக்கம் உண்டு. தீவுக்கு இரு புறமும் உள்ள கடல்களைச் சொல்வோரும் இருக்கிறார்கள். முற்காலத்தில் இந்தப் பெயர் அரேபியாவின் கிழக்குக் கரை முழுவதையும் குறித்தது. தீவுக்கு அப்போது "அவால்" என்று பெயர். ஆனால் பஹ்ரைன்காரர்கள் மனதார நம்புவது வேறொரு விளக்கத்தை: ஒன்று உப்புக் கடல், இன்னொன்று அதற்கு அடியில் ஓடும் நல்ல தண்ணீர்.

இது வெறும் கதையில்லை. சவூதிப் பக்கம் மேட்டு நிலத்தில் எப்போதோ பெய்த மழைத்தண்ணீர் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் இறங்கி, கடலடிப் பாறை வழியாகவே கிழக்கே நகர்ந்து, பஹ்ரைனில் மேலே பீறிட்டது. சில ஊற்றுகள் தரையில் வந்தன, சில கடலுக்கு உள்ளேயே வந்தன. சுற்றிலும் உப்புத்தண்ணீர், நடுவில் குடிக்கிற தண்ணீர். முத்துக்குளிக்கப் போனவர்கள் தோல்பையோடு கடலடிக்கு மூழ்கி, ஊற்றின் வாயில் பையைப் பிடித்து நிரப்பிக்கொண்டு மேலே வருவார்களாம். முதன்முதலாக இதைக் கேள்விப்பட்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தரையிலிருந்த ஊற்றுகளில் பெரிய பெயர் "அய்ன் அதாரி". அதன் தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தொலைவிலுள்ள பேரீச்சந்தோப்புகளுக்குப் பாயும், பக்கத்து மேட்டு நிலத்துக்கு ஏறாது. அதனால் ஒரு சொலவடையே உண்டு: அதாரி ஊற்றைப் போல, தூரத்தில் இருப்பவனுக்குப் பாய்ச்சி பக்கத்தில் இருப்பவனை விட்டுவிடும். சொந்தக்காரனுக்கு உதவாமல் ஊரானுக்கு உதவுகிறவனைக் குத்திக்காட்டச் சொல்வார்கள். எனக்கு அதை விளக்கிய முதிய டாக்ஸிக்காரரிடம், "நாங்களும் அதாரிதான் பெரியவரே, எங்கள் தண்ணீரும் கடல் தாண்டித்தான் பாய்கிறது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்திக் காசு வாங்க மறுத்தார்.

அந்த ஊற்றுகள் இப்போதும் இருக்கின்றனவா?

பெரும்பாலும் வற்றிவிட்டன. எண்ணெய்க் காலத்தில் ஊர் பெருத்தது, ஆழ்குழாய்கள் பெருகின, நிலத்தடி நீர் இறங்கி அந்த இடத்தில் உப்பு ஏறியது. அதாரியில் இன்று தானாக ஊறும் தண்ணீர் இல்லை. பக்கத்தில் அதே பெயரில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. தீவை வாழவைத்ததும் தீவுக்குப் பெயர் தந்ததும் இந்த ஊற்றுகள்தான் என்பதால், வற்றிப்போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

நாலாயிரம் வருடத்துக்கு முன்பே பெயர் பெற்றது என்றீர்களே, எப்படி?

இன்றைய ஈராக் இருக்கும் மெசப்பொத்தேமியாவில் பழங்காலத்தில் வாழ்ந்த சுமேரியர்களின் களிமண் பலகைகளில் "தில்முன்" என்றொரு நாடு வருகிறது. பஹ்ரைன்தான் அதன் மையம் என்பதில் ஆய்வாளர்களுக்கு இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சுமேரியப் புராணத்தில் தில்முன் புனித பூமி. முதலில் அங்கே நல்ல தண்ணீர் இல்லை. என்கி என்ற நீர்த்தெய்வம் வரம் கொடுத்த பிறகுதான் ஊற்று பெருகிச் செழிக்கிறது. பெயர்க்காரணத்தில் பார்த்த அதே நல்ல தண்ணீர் இங்கேயும் வருவதைக் கவனியுங்கள்.

அதே மெசப்பொத்தேமியாவின் பழைய கில்காமேஷ் காவியத்தில் சாகாவரம் தேடிப்போகும் அரசன், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கி ஒரு செடியைப் பறிக்கிறான். காலில் கல் கட்டி மூழ்குவது வளைகுடா முத்துக்குளிப்பவர்களின் முறையேதான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் முத்துக்குளித்தவர்கள் வாழ்ந்த முஹர்ரக்கின் பழைய வீடுகளுக்கு நடுவே நடக்கும்போது அந்தக் காட்சி நினைவுக்கு வராமல் இருக்காது.

தில்முன் ஒரு வணிக நாடு. ஓமான் பக்கத்துச் செம்பு, சிந்துவெளியின் மணிகள், தந்தம் எல்லாம் இதன் வழியாகத்தான் மெசப்பொத்தேமியாவுக்குப் போயின. சிந்துவெளி எடைக்கற்களின் அளவுமுறையையே தில்முன் வணிகர்களும் வைத்திருந்தார்கள். வளைகுடா பாணியிலான வட்ட முத்திரை ஒன்று குஜராத்தின் லோத்தலில் தோண்டியெடுக்கப்பட்டது. ஆக, இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு ஆள் போவது நம் தலைமுறையில் தொடங்கியதில்லை.

அந்தக் காலத்து ஈமக்குன்றுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆஅலி என்ற ஊரில் வீடுகளுக்கு நடுவே மண்மேடுகள் எழுந்து நிற்கும். ஒருகாலத்தில் பல்லாயிரக்கணக்கில் இருந்தன. சாலையும் வீடும் போட்டதில் நிறையப் போய்விட்டன. எஞ்சியவற்றில் 11,774 குன்றுகள் 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஏற்கெனவே 2005-இல் பஹ்ரைன் கோட்டையும், 2012-இல் முஹர்ரக்கில் முத்துத் தொழில் காலத்துப் பழைய வீடுகளை இணைக்கும் முத்துப் பாதையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. இத்தனூண்டு நாட்டுக்கு மூன்று பாரம்பரியச் சின்னங்கள்!

பஹ்ரைன் முத்து ஏன் அவ்வளவு பேர்போனது?

எண்ணெய்க்கு முன்பு நாட்டின் பிழைப்பே முத்துதான். கடலடி நல்ல தண்ணீர் கலப்பதால்தான் இந்த முத்துக்கு இவ்வளவு ஒளி என்று அந்த ஊரார் சொல்வார்கள். முஹர்ரக்கின் ஆண்கள் கோடை நாலு மாதமும் கடலில்தான் இருப்பார்கள். கப்பல் தலைவருக்கு "நோக்கதா" என்று பெயர். மூழ்குபவர் "ஃகைஸ்", மேலே கயிறு பிடிப்பவர் "ஸைப்". களைப்புத் தெரியாமல் இருக்கப் பாட்டுக் கட்டுபவர் "நஹ்ஹாம்". அந்தப் பாட்டுமுறையான ஃபிஜ்ரியை 2021-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மூழ்குபவர் மூக்கில் ஒரு கவ்வி மாட்டுவார். விரல்களுக்குத் தோலுறை, கழுத்தில் கூடை, காலில் கல். மூச்சை அடக்கி ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேலே. சிப்பிகளைக் கூடையில் அள்ளிப்போட்டுக் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். இப்படி ஒரு நாளில் பத்துப் பத்து முறையாகப் பல தடவை. காலையில் பேரீச்சம்பழமும் காப்பியும்தான் உணவு, சூரியன் சாய்ந்த பிறகுதான் சோறும் மீனும். வயிறு நிறைந்தால் மூழ்க முடியாது. நம் மன்னார் வளைகுடாவில் கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே நிறுத்துவார்கள், தங்கை தாலிக்காக அவன் கைவிடமாட்டான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் கயிறு பிடிப்பவனின் கையில்தான் உயிர்.

இரு கடலுக்கும் உறவும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தபோது, நம் கரையோரத்து ஆட்களோடு வளைகுடாவின் அரபு முக்குளிப்பவர்களும் வந்து இறங்கினார்கள். பஹ்ரைன் முத்து பெரும்பாலும் பம்பாய்க்குப் போய், அங்கே தரம் பிரித்துத் துளையிடப்பட்டு, பிறகு ஐரோப்பாவுக்குப் போனது.

இதில் மறைக்கக்கூடாத விஷயம் கடன். பருவம் தொடங்கும்போது நோக்கதாவிடம் முன்பணம் வாங்கித்தான் குடும்பத்துக்கு அரிசி வைத்துவிட்டுப் போவார்கள். முத்து கிடைக்காத வருடம் கடன் ஏறும், செத்தால் மகன் தலையில் விழும். கடன் வாரிசுக்குப் போகும் அந்த வழக்கத்தை 1920-களின் சீர்திருத்தங்கள்தான் நிறுத்தின. பருவம் முடியும் நாள் நெருங்கினால் பெண்கள் கரைக்கு வந்து, போதும், ஆண்களைத் திருப்பிக் கொடு என்று கடலைப் பார்த்துத் திட்டிப் பாடுவது வழக்கம். முத்துமாலையைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும், 1929-க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்ததும் சேர்ந்து இந்தத் தொழிலை ஒரே அடியாக விழச்செய்தன.

அங்கே இப்போது விற்பது அசல் முத்தா?

வளர்ப்பு முத்து விற்பனைக்கு அங்கே சட்டப்படி தடை உண்டு. எனவே முறையான நகைக்கடையில், பரிசோதனைச் சான்றிதழோடு வாங்கினால் இயற்கை முத்துதான். விலை கையைக் கடிக்கும். தெருவோரத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்காதீர்கள்.

எண்ணெய் எப்போது கிடைத்தது?

1932 ஜூனில். வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதலில் எண்ணெய் வந்தது பஹ்ரைனில்தான். சவூதிக்கும் குவைத்துக்கும் அதற்குப் பிறகே. இதிலும் நல்ல தண்ணீர் வருகிறது. ஃபிராங்க் ஹோம்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் 1920-களில் தீவை ஆண்ட ஷேக்குக்காகத் தண்ணீர்க் கிணறுகள் தோண்டிக் கொடுத்தார். நல்ல தண்ணீர் வந்தது. அந்த மகிழ்ச்சியில் எண்ணெய் தேடும் உரிமை அவருக்குக் கிடைத்தது. பின்னர் அது அமெரிக்காவின் கலிபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜெபல் துகான் அடிவாரத்தில் முதல் கிணறு இன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஜெபல் துகான் என்றால் புகைமலை. நாட்டின் உச்சி அதுதான், ஆனால் உயரம் 150 மீட்டரைக்கூடத் தொடாது.

முத்து கைவிட்ட அதே காலத்தில் எண்ணெய் வந்ததால் நாடு பட்டினியிலிருந்து தப்பியது. சுத்திகரிப்பு ஆலை 1936-இல் வந்தது. ஆனால் பக்கத்து நாடுகளோடு பார்த்தால் பஹ்ரைனின் எண்ணெய் கொஞ்சம்தான். அதனாலேயே மற்றவர்களுக்கு முன்பாக வேறு வழி தேடியது. 1971-இல் உற்பத்தியைத் தொடங்கிய அல்பா அலுமினிய ஆலை இன்று உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. வங்கித்தொழில், கப்பல் பழுதுபார்ப்பு, சுற்றுலா எல்லாம் உண்டு. 2004 முதல் ஸகீர் என்ற இடத்தில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கிறது.

பணத்தின் மதிப்பு என்ன?

பஹ்ரைன் தினார். ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ். ஒரு அமெரிக்க டாலர் 0.376 தினார் என்று நிலையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். அதனால் ஊருக்கு அனுப்பும் தொகை, டாலருக்கு எதிராக ரூபாய் ஏறி இறங்குவதைப் பொறுத்தே கூடிக் குறையும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 100 ஃபில்ஸை அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் "ருபியா" என்பார்கள். நம் ரூபாய்தான் அது! 1965 வரை அங்கே புழங்கியது இந்திய ரூபாயும், பிறகு வளைகுடாவுக்கென்றே 1959 முதல் இந்திய ரிசர்வ் வங்கி தனியாக அச்சிட்ட ரூபாயும். தங்கக் கடத்தலால் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்ததால்தான் அந்தத் தனி நோட்டு. தினார் வந்தபோது பத்து ரூபாய்க்கு ஒரு தினார் என்று மாற்றினார்கள். ஆகவே ஒரு ரூபாய் 100 ஃபில்ஸ் ஆனது, பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆட்சி எப்படி? 2011-இல் நடந்தது என்ன?

மன்னராட்சி. அல் கலீஃபா குடும்பம் 1783 முதல் ஆள்கிறது. ஹமத் பின் ஈசா 1999-இல் ஆட்சிக்கு வந்து 2002-இல் தன்னை மன்னராக அறிவித்தார். பட்டத்து இளவரசர் ஸல்மான் பின் ஹமத் 2020 நவம்பர் முதல் பிரதமர். நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள், ஒவ்வொன்றிலும் 40 பேர். ஓர் அவைக்கு மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மற்றதுக்கு மன்னர் நியமிக்கிறார். பெண்களுக்கு வாக்குரிமையும் போட்டியிடும் உரிமையும் உண்டு.

குடிமக்களில் ஷியா முஸ்லிம்களே கூடுதல் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆளும் குடும்பம் ஸுன்னி. வேலை, வீடு, அரசியல் பங்கு பற்றிய நெடுநாள் மனக்குறைகள் 2011 பிப்ரவரி 14 அன்று பெரும் போராட்டமாக வெடித்தன. மக்கள் கூடியது மனாமாவின் முத்து ரவுண்டானாவில். மார்ச்சில் சவூதி தலைமையில் அண்டை நாட்டுப் படைகள் வந்தன, போராட்டம் ஒடுக்கப்பட்டது, ரவுண்டானாவின் நினைவுச்சின்னத்தையே இடித்தார்கள். மன்னர் நியமித்த ஷெரீஃப் பஸ்ஸியூனி தலைமையிலான விசாரணைக் குழு, இரண்டு மாத காலத்தில் 35 பேர் இறந்ததாகப் பதிவு செய்தது. காவலில் சித்திரவதை நடந்ததையும் அது வெளிப்படையாகச் சொன்னது. ஆறு வளைவுகள் சேர்ந்து ஒரு முத்தைத் தாங்கி நின்ற சின்னம் அது. நாட்டின் பழைய பிழைப்பைச் சொல்லும் சின்னம் அப்படிப் போனது எனக்கு வருத்தமே. அங்கே வாழும் வெளிநாட்டவர் அரசியல் கூட்டங்களிலிருந்தும், அது பற்றிய இணையப் பதிவுகளிலிருந்தும் ஒதுங்கி இருப்பதே நல்லது. சட்டம் கடுமையானது.

சுதந்திர தினம் எப்போது?

1971 ஆகஸ்ட் 15. ஆம், நம் தேதியேதான். ஆனால் அன்று கொண்டாட்டம் கிடையாது. தேசிய தினம் டிசம்பர் 16. சுதந்திரத்துக்கு முன் நாடு பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்தது. ஈரானும் தீவுக்கு உரிமை கோரியதால், 1970-இல் ஐ.நா. பிரதிநிதி ஒருவர் நேரில் போய் மக்கள் கருத்தைக் கேட்டார். அவர்கள் தனி நாடாக இருக்கவே விரும்பினார்கள்.

இந்துக்கள், கிறிஸ்தவர்கள் கும்பிட இடம் உண்டா?

உண்டு. மனாமாவின் பழைய கடைத்தெருவில் இருக்கும் ஸ்ரீநாத்ஜி கோயிலுக்கு இருநூறு வயது. சிந்துப் பகுதியின் தட்டா ஊர் வணிகர்கள் எழுப்பியது. தேவாலயங்கள் பல உண்டு. அவாலி என்ற ஊரில் 2021-இல் பெரிய கத்தோலிக்கப் பேராலயம் திறந்தார்கள், 2022 நவம்பரில் போப் பிரான்சிஸ் அந்த நாட்டுக்கு வந்தார். சிறிய யூத சமூகமும் அவர்களுக்கு ஒரு தொழுகைக்கூடமும் இருக்கின்றன. முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா அங்கே அரசு விடுமுறை. ரமலான் நோன்பில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் கூடாது.

அரபி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

கடை, மருத்துவமனை, வேலையிடம் எல்லாவற்றிலும் ஆங்கிலம், இந்தி, மலையாளம் ஓடும். ஆனால் பத்து அரபிச் சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள், மனிதர்கள் மலர்ந்துவிடுவார்கள். அவர்களுடைய பேச்சிலேயே நம் பக்கத்துச் சொற்கள் உண்டு. நேராகப் போ என்பதற்கு "ஸீதா", ஊறுகாய்க்கு "அச்சார்".

சாப்பாடு?

மச்பூஸ் என்பது நம் பிரியாணிக்கு ஒன்றுவிட்ட தம்பி. காய்ந்த எலுமிச்சையின் மணம் தூக்கலாக இருக்கும். முஹம்மர் என்று ஒரு சோறு, பேரீச்சம்பாகு போட்டுச் செய்த இனிப்புச் சோறு. அதோடு பொரித்த மீன். முத்துக்குளிப்பவர்களுக்குத் தெம்பு கொடுத்த உணவு அது. காலையில் பலாலீத், அதாவது முட்டை போர்த்திய இனிப்புச் சேமியா. அவர்கள் உயிரை விடும் ஸாஃபி நம் ஓரா மீன், ஹமூர் நம் கலவா. இட்லி, தோசைக்கு மனாமாவில் பஞ்சமே இல்லை.

வேலைக்குப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் "ஃப்ரீ விசா" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. யாரோ ஒருவர் பெயரில் விசா எடுத்து, வேறு இடத்தில் வேலை பார்ப்பதைத்தான் ஏஜென்டுகள் அப்படி விற்கிறார்கள். பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் உங்களுக்குத்தான். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களில் பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகை. அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். இலங்கையிலிருந்து போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே புறப்படுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு, விடுமுறை டிக்கெட் நான்கும் எழுத்தில் இருக்கட்டும். அதன் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அங்கே வேலை அனுமதி கொடுப்பது எல்.எம்.ஆர்.ஏ. என்று எல்லாரும் சொல்லும் தொழிலாளர் சந்தை ஆணையம். போய் இறங்கியதும் சி.பி.ஆர். அடையாள அட்டை எடுத்துத் தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு. உங்கள் அனுமதி எந்த நிறுவனத்தின் பெயரில், எதுவரை செல்லும் என்பதை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் உங்களுடையது, முதலாளி பிடித்துவைப்பது சட்டவிரோதம். என் அறைத்தோழர் ஒருவரின் பாஸ்போர்ட்டை அவர் வேலை பார்த்த இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊரில் அப்பா இறந்த செய்தி வந்த அன்று பூட்டிய அலமாரியின் சாவி யாரிடம் என்று தேடியே பகல் போனது. அடக்கத்துக்கு அவரால் வந்துசேர முடியவில்லை. முதல் நாளே, "நகல் தருகிறேன், அசல் என்னிடம் இருக்கட்டும்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். மறுத்தால் தொழிலாளர் ஆணையத்திலோ தூதரகத்திலோ புகார் கொடுக்கலாம்.

கோடை மாதங்களில் நண்பகல் 12 முதல் 4 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. சம்பளம் வங்கி வழியாக வர வேண்டும் என்ற ஏற்பாடு 2021-இல் தொடங்கியது. வேலை முடித்துக் கிளம்பும்போது வரவேண்டிய சர்வீஸ் பணத்துக்காக, 2024 மார்ச் முதல் முதலாளி மாதாமாதம் சமூகக் காப்பீட்டு அமைப்பில் கட்டி வர வேண்டும். கிளம்புமுன் அங்கே விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள். பலர் இது தெரியாமலே விமானம் ஏறிவிடுகிறார்கள்.

வருமான வரி உண்டா?

சம்பளத்துக்கு இல்லை. பொருள்களுக்கு 10 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு.

வெயில் தாங்குமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடினம். 40 டிகிரியைத் தாண்டும், அதோடு கடல் ஈரமும் சேர்ந்து சட்டை உடம்போடு ஒட்டிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான குளிர், ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். வருடம் முழுக்கப் பெய்யும் மழை 80 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சென்னையில் ஐப்பசி மாதம் ஒரே நாளில் அதற்கு மேல் கொட்டும்.

நேரம், விடுமுறை, தொலைபேசி?

இந்திய, இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். வார விடுமுறை வெள்ளி, சனி. தொலைபேசிக் குறியீடு 973. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், முதல் வாரம் சாலை கடக்கும்போது கவனம்.

ஒரே ஒரு நாள் விடுமுறை. எதைப் பார்ப்பது?

காலையில் பஹ்ரைன் கோட்டை. தில்முன் காலம் முதல் போர்த்துக்கீசியர் காலம் வரை ஒரே மேட்டில் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது. நேரமிருந்தால் முஹர்ரக்கின் முத்துப் பாதையில் நடந்து, அங்கேயே அல்வா வாங்கிக்கொள்ளுங்கள். ஹவார் தீவுகளுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கத்தாரோடு நெடுநாள் வழக்கிலிருந்து, 2001-இல் சர்வதேச நீதிமன்றம் பஹ்ரைனுக்குத் தீர்ப்பளித்த தீவுகள் அவை. சுற்றியுள்ள கடலில் பாக் நீரிணையில் நாம் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுக்கள் கூட்டமாக மேய்கின்றன.

சாயங்காலம் தெற்கே பாலைவனத்துக்குப் போங்கள். ஜெபல் துகானிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் மணலும் கல்லும். அதன் நடுவே ஒரு மேட்டில் பத்து மீட்டர் உயரத்துக்குக் கிளை விரித்து ஒற்றை மரம். "ஷஜரத்துல் ஹயாத்", வாழ்வின் மரம். நானூறு வயதுக்கு மேல் என்கிறார்கள். அருகில் போய் இலையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அது நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி. எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறது என்று இன்றும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசிப் பகுதியில் பேருந்து கிடையாது. நாலைந்து பேர் சேர்ந்து வண்டி எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள், பட்டையில் பெயர் கீறாதீர்கள்.